பிரின்ஸ்டன் கிடைக்கல, பையன் ரூமை விட்டே வரமாட்டேங்கிறான்

கேள்வி: நாங்க நியூ ஜெர்சி எடிசன்ல இருக்கோம். பையன் 12வது படிக்கறான். ஜிபிஏ (ஸ்கூல் மார்க் சராசரி) நல்லா இருக்கு, எஸ்ஏடி பரீட்சைல 1600க்கு 1560, காலேஜ் லெவல்ல இருக்கற ஏபி பாடம் ஒன்பது எடுத்திருக்கான், ரோபாட்டிக்ஸ் டீம்ல மூணு வருஷம், மிருதங்கம் எட்டு வருஷம். பிரின்ஸ்டன்ல டிசம்பர்ல முடிவ தள்ளி வச்சு டிஃபர் பண்ணாங்க, மார்ச் கடைசில இல்லன்னுட்டாங்க. எம்ஐடி, கார்னெல், பென், கொலம்பியா எல்லாமே ரிஜெக்ட். கார்னகி மெலன்ல வெயிட்லிஸ்ட், அதாவது சீட் மிஞ்சினா கூப்பிடற காத்திருப்பு பட்டியல். ரட்கர்ஸ் ஹானர்ஸ் காலேஜ்ல ஸ்காலர்ஷிப்போட கிடைச்சிருக்கு, பர்டூலயும் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைச்சிருக்கு. பிரின்ஸ்டன் ரிசல்ட் பாத்த அன்னிக்கு ராத்திரி லேப்டாப்ப மூடிட்டு "சரிம்மா, தோசை ஊத்து"ன்னான், ரெண்டு தோசை சாப்பிட்டான், அவ்வளவுதான், மூணு வாரமா ஸ்கூல் போறான் வரான், ரூம் கதவு சாத்தியே இருக்கு. அவங்க அப்பா ஒரு நாள் "டிபேட்ல சேருன்னு சொன்னேன், கேட்டானா"ங்கறார், இன்னொரு நாள் "நம்ம பசங்கன்னாலே ஒதுக்கிடறாங்க"ங்கறார். கும்பகோணத்துலேர்ந்து எங்கப்பா வீடியோ கால்ல கேட்டப்போ என்னையறியாம "இன்னும் ரிசல்ட் வரலப்பா"ன்னு சொல்லிட்டேன். அவன் அப்ப ஃப்ரிட்ஜ் பக்கத்துல தண்ணி குடிச்சிட்டு நின்னான். தமிழ்ப்பள்ளில அவன் கூடப் படிச்ச பொண்ணுக்கு பென் கிடைச்சு வாட்ஸ்அப் குரூப் பூரா வாழ்த்தா இருக்கு. நாங்க எங்க தப்பு பண்ணோம்? வெயிட்லிஸ்ட நம்பலாமா? ஒரு வருஷம் கேப் எடுத்து மறுபடி போடலாமா?

பதில்: வணக்கம்மா. உங்க கடிதத்த ரெண்டு தடவை படிச்சேன். நீங்க கேட்டது மூணு கேள்வி, ஆனா எனக்கு அந்த ஃப்ரிட்ஜ் பக்கத்துல நின்ன பையன்தான் கண்ணுலயே நிக்கறான், அதனால அங்கேர்ந்தே ஆரம்பிக்கறேன், வெயிட்லிஸ்ட் கேப் இயர் எல்லாம் பின்னாடி சொல்றேன்.

அப்பாகிட்ட நீங்க ஏன் அப்படி சொன்னீங்கன்னு எனக்குப் புரியுது. பேரன தாத்தா முன்னாடி விட்டுக்கொடுக்க மனசு வரல, அவ்வளவுதான், எந்த அம்மாவுக்கும் வராது. ஆனா கையில தண்ணி கிளாஸோட நின்னவனுக்கு அது வேற மாதிரி கேட்டிருக்கும். ரட்கர்ஸ் ஹானர்ஸ் வந்தாச்சு, ஸ்காலர்ஷிப் வந்தாச்சு, பர்டூ வந்தாச்சு, இவ்வளவும் வந்தப்புறம் அம்மா வாயால ரிசல்ட் வரலன்னு வருது. அப்ப வந்ததெல்லாம் ரிசல்ட்டே இல்ல, தாத்தாகிட்ட மறைக்கற அளவுக்கு நான் ஏதோ பண்ணிட்டேன். 17 வயசுல கணக்கு இப்படித்தான் ஓடும், அதுவும் ராத்திரி ஒரு மணிக்கு கதவ சாத்திக்கிட்டு படுத்திருக்கறப்ப.

காலேஜ் அட்மிஷன் வேலைல எனக்கு 19 வருஷம் ஆச்சு. முதல் நாலு வருஷம் ஒரு தனியார் காலேஜ்ல அப்ளிகேஷன் படிக்கற வேலை, அப்புறம் ஒரு பப்ளிக் ஹைஸ்கூல்ல கவுன்சிலர், இப்ப தனியா பண்றேன். ஏப்ரல் மாசத்துல என் ரூமுக்கு வந்து உக்கார்ற பசங்க முதல்ல காலேஜ் பேரையே சொல்றதில்ல, "அம்மா முகத்த பாக்க முடியல"ன்னுதான் ஆரம்பிக்கறாங்க. ஒரு பொண்ணு சொன்னா, பாத்ரூம்ல ஷவர திறந்து விட்டுட்டுத்தான் அழுவேன், ஏன்னா சத்தம் கேட்டா அம்மாவும் வந்து அழ ஆரம்பிச்சுடுவாங்க, அப்புறம் நான்தான் அவங்கள சமாதானப்படுத்தணும், அதுக்கு என்கிட்ட தெம்பு இல்லன்னு. உங்க பையன் தோசை கேட்டதையும் நான் அப்படித்தான் பாக்கறேன். உங்களுக்கு கை ஓடட்டும்னு ஒரு வேலை கொடுத்தான் அவன், ரெண்டு தோசையையும் உங்களுக்காகத்தான் சாப்பிட்டான்.

அதனால முதல் வேலை அந்த ஒரு வாக்கியத்த திரும்ப எடுக்கறது. இன்னிக்கோ நாளைக்கோ அவன்கிட்ட போய் "தாத்தாகிட்ட நான் அப்படி சொன்னது தப்புடா, நீ கேட்டுட்டேன்னு எனக்குத் தெரியும், எனக்கு உனக்காக வருத்தமா இருந்தது, உன்னால இல்ல"ன்னு சொல்லுங்க. சொல்லிட்டு நிறுத்திடுங்க. அவன் "இட்ஸ் ஃபைன்மா"ன்னு சொல்லலாம், ஒண்ணுமே சொல்லாம இருக்கலாம், அந்த மௌனத்த நிரப்ப வேண்டாம், குறிப்பா "ரட்கர்ஸும் நல்ல காலேஜ்தான்"னு சொல்லி நிரப்பவே வேண்டாம், அந்த "உம்"மும் "தானும்" சேர்ந்தாலே அவனுக்கு எல்லாம் புரிஞ்சுடும். பெரிய பெரிய ஆளுங்களுக்கெல்லாம் ஹார்வர்ட் கிடைக்கலன்னு கதையும் சொல்லாதீங்க, ஒரு பையனும் அதக் கேட்டு ஆறுதல் ஆனத நான் பாத்ததில்ல. ரூம்ல எதிர் எதிர உக்காந்து பேசறது கஷ்டமா இருந்தா ஓக் ட்ரீ ரோடுக்கு மளிகை வாங்கப் போறப்ப கூட வாடான்னு கூப்பிடுங்க, கார்ல ரெண்டு பேரும் ரோட்டப் பாத்துட்டு இருப்பீங்க, முகத்தப் பாக்க வேண்டாம், பசங்க வாய் திறக்கறது பெரும்பாலும் அங்கதான்.

அடுத்தது தாத்தாவுக்கு ஃபோன். அவன் வீட்ல இருக்கறப்பவே பண்ணுங்க, அவன ஸ்க்ரீன் முன்னாடி இழுத்துட்டு வர வேண்டாம், காதுல விழுந்தா போதும். "அப்பா, ரிசல்ட் எல்லாம் வந்துடுச்சு, ரட்கர்ஸ் யூனிவர்சிட்டில ஹானர்ஸ் காலேஜ்ல கிடைச்சிருக்கு, ஸ்காலர்ஷிப் தராங்க, பர்டூலயும் கூப்பிட்டிருக்காங்க"ன்னு கிடைச்சத முதல்ல சொல்லுங்க. பிரின்ஸ்டன் என்னாச்சுன்னு கேட்டா "அது கிடைக்கலப்பா"ன்னு ரெண்டே வார்த்தை, குரல் இறங்காம. தாத்தா ரட்கர்ஸ்னு கேள்விப்பட்டே இருக்க மாட்டார், அது 1766ல ஆரம்பிச்சது, அமெரிக்கா நாடாகறதுக்கு பத்து வருஷம் முன்னாடி. ஆனா ஸ்ட்ரெப்டோமைசின்னு சொல்லிப் பாருங்க, அவர் தலைமுறைக்கு அந்தப் பேர் நல்லாத் தெரியும், டிபிக்கு ஊசி போட்டு எத்தன பேர் பொழச்சாங்க. அந்த மருந்து 1943ல ரட்கர்ஸ்லதான் கண்டுபிடிச்சது, ஆல்பர்ட் ஷாட்ஸுன்னு ஒரு ஸ்டூடண்ட் ஒரு பில்டிங் பேஸ்மெண்ட்ல ராப்பகலா வேலை பாத்து எடுத்தது. அவரோட ப்ரொஃபசர் வாக்ஸ்மன், அவரும் அதே ரட்கர்ஸ்ல படிச்சவர், 1952ல நோபல் வாங்கினார்.

சரி, எங்க தப்பு பண்ணோம்னு கேட்டீங்க. கடிதத்துல இருக்கறத வச்சுப் பாத்தா தப்புன்னு எனக்கு எதுவும் தெரியல. ஏசியன் பசங்கள ஒதுக்கறாங்கன்னு ஹார்வர்ட் மேல நடந்த கேஸ்ல கோர்ட்ல வெளிய வந்த கணக்க சொல்றேன், 2015ல சேர்ந்த பேட்ச்சுக்கு அமெரிக்காவுக்குள்ளேர்ந்து மட்டும் சுமார் 26,000 பேர் அப்ளை பண்ணாங்க, அதுல 8,000 பேருக்கு மேல முழு ஜிபிஏ, 2,700 பேர் எஸ்ஏடி வெர்பல்ல முழு மார்க், இருந்த சீட்டோ 1,600 சொச்சம். அது அந்தக் காலம். 2024ல ஹார்வர்டுக்கு எல்லா நாட்டுலேர்ந்தும் சேர்த்து 54,008 பேர் போட்டு 1,937 பேருக்கு கிடைச்சது. எம்ஐடில அதே வருஷம் 28,000 பேருக்கு மேல போட்டு 1,300க்கும் கம்மியான பேருக்கு கிடைச்சது. நம்ம ஊர் கட்-ஆஃப் மாதிரி ஒரு கோடு இருந்து, உங்க பையன் ரெண்டு மார்க்குல அதுக்கு கீழ நின்னுட்டான்னு நினைக்காதீங்க, அப்படி ஒரு கோடே இங்க கிடையாது. இங்க படிச்சு வளராத பெத்தவங்களுக்கு இது மனசுல இறங்கறது ரொம்ப கஷ்டம், எனக்கே வேலைக்கு சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு.

அப்ளிகேஷன் படிச்ச அந்த நாலு வருஷத்துல நான் பாத்தத சொல்றேன். ஒரு ஃபைல முதல் தடவை படிக்க எங்களுக்கு பத்து பதினஞ்சு நிமிஷம் இருக்கும், மார்க், எந்த ஸ்கூல், அங்க என்னென்ன கோர்ஸ் இருந்தது, டீச்சர் எழுதின லெட்டர், கட்டுரை, எல்லாம் பாத்து ரெண்டு மூணு வரி எழுதுவோம். அப்புறம் கமிட்டி. மார்ச் நடுவுல பாத்தா எடுக்கலாம்னு வச்சவங்க எண்ணிக்கை எப்பவுமே சீட்ட விட சில நூறு கூட இருக்கும். அந்த வாரம் எங்க டைரக்டர் ஒரு பெரிய ஸ்க்ரீன்ல லிஸ்ட்ட போட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் இவ்வளவு பேர் வேண்டாம், இந்த ஸ்டேட்லேர்ந்து ஜாஸ்தியா இருக்கு, ஆர்கெஸ்ட்ராவுக்கு ஓபோன்னு ஒரு ஊதற வாத்தியம் வாசிக்கற ஆள் இந்த வருஷம் போறாங்க, ஹிஸ்டரி டிபார்ட்மெண்ட்ல ஆளே இல்லன்னு ஒவ்வொண்ணா பாத்து பேர எடுத்துட்டே வருவார். நான் வாதாடி உள்ள வச்ச ஒரு பையன், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும் லிஸ்ட்ல இருந்தான், வியாழக்கிழமை இல்ல. அவன் ஃபைல்ல அந்த ரெண்டு நாள்ல ஒரு எழுத்து கூட மாறல. அவனுக்குப் போன லெட்டர்ல எல்லாருக்கும் எழுதற அதே நாலு வரிதான், அவன் வீட்லயும் யாராவது எங்க தப்பு பண்ணோம்னு கேட்டிருப்பாங்க. டிபேட் போட்டிருந்தா கிடைச்சிருக்குமான்னா, டிபேட் போட்ட பசங்க ஃபைலும் அந்த ரூம்ல அடுக்கடுக்கா இருந்தது.

உங்க வீட்டுக்காரர் நம்ம பசங்கள ஒதுக்கறாங்கன்னு சொல்றதையும் நான் தள்ளிவிட மாட்டேன். அதே கேஸ்லதான் குணநலன்னு ஒரு மார்க் போடறாங்க, அதுல ஏசியன் பசங்களுக்கு கம்மியா போட்டிருக்காங்கன்னு வெளிய வந்தது, கீழ் கோர்ட் ஹார்வர்ட் பக்கம் தீர்ப்பு சொல்லி, 2023 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் அத மாத்தி இனத்த வச்சு சேர்க்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. விளையாட்டுக்கு கோச் எடுக்கற பசங்க, அப்பா அம்மா அங்கயே படிச்சவங்க, பெரிய டொனேஷன் குடும்பம், இவங்களுக்குன்னு தனி வழி இருக்கறதும் அங்க பட்டவர்த்தனமா தெரிஞ்சது. கோபப்பட நியாயம் இருக்கு. ஆனா அத சாப்பாட்டு மேஜைல பையன் முன்னாடி வைக்க வேண்டாம்னு அவர்கிட்ட கேட்டுக்கறேன். ஒரு நாள் டிபேட், அடுத்த நாள் இனம்னு மாத்தி மாத்தி சொல்றப்ப பையனுக்கு ஒண்ணுல குத்தம் அவன் மேல வருது, இன்னொண்ணுல இந்த ஊர்ல நான் என்ன பண்ணாலும் அவ்வளவுதான்னு ஆகுது. அப்பாவுக்கும் துக்கம்தான், அது கோபமா வெளிய வருது, அத நீங்க ரெண்டு பேரும் தனியா, அவன் ஸ்கூல் போனப்புறம் பேசிக்கோங்க, வேணும்னா அழுதுக்கோங்க. 12 வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை கார் ஓட்டினது நீங்களும்தான், அந்த வருத்தம் இல்லாம போகாது.

இனி அவன் வாழ்க்கை என்னாகும்ங்கற பயம். நீங்க எழுதல, ஆனா வரிக்கு வரி இருக்கு. இதப் பத்தி நல்ல ஆராய்ச்சி இருக்கு, எனக்கு சாதகமானத மட்டும் சொல்லாம ரெண்டையும் சொல்றேன். ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர்னு ரெண்டு பொருளாதார நிபுணர்கள் 1976ல காலேஜ் சேர்ந்தவங்கள வச்சுப் பண்ணி 2002ல வெளிவந்த கட்டுரைல, ஒரே மாதிரி காலேஜ்களுக்கு அப்ளை பண்ணி ஒரே மாதிரி பதில் வந்த பசங்கள்ல, பெரிய பேர் காலேஜுக்குப் போனவங்களுக்கும் மத்ததுக்குப் போனவங்களுக்கும் பின்னாடி சம்பளத்துல பெரும்பாலும் வித்தியாசம் இல்லன்னு வந்தது. ஏழைக் குடும்பத்துப் பசங்களுக்கு மட்டும் வித்தியாசம் இருந்தது. 2023ல ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூணு பேரும் வெயிட்லிஸ்ட் பசங்கள வச்சே பாத்தாங்க, சராசரி சம்பளத்துல பெரிசா மாத்தம் இல்ல, ஆனா வருமானத்துல உச்சியில இருக்கற 1 சதவீதத்துக்குப் போற வாய்ப்பு, பேர் பெத்த கம்பெனில வேலை, பெரிய கிராஜுவேட் ஸ்கூல், இதெல்லாம் ஐவின்னு சொல்ற ஹார்வர்ட், பிரின்ஸ்டன் மாதிரி காலேஜ்ல படிச்சா அதிகமாத்தான் இருக்கு. அதாவது அங்க போறதுல ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன், பையனும் நம்ப மாட்டான். நல்ல வேலைக்குப் போய் நல்லா வாழறதுக்கு ரட்கர்ஸ்லேர்ந்தும் பர்டூலேர்ந்தும் வழி நல்லாவே திறந்திருக்கு, அங்க யார்கிட்ட படிக்கறான், எந்த ப்ரொஃபசர் லேப்ல போய் உக்கார்றான், கோடைல எங்க இண்டர்ன்ஷிப் பண்றான்ங்கறது பெரிய விஷயம். ஹானர்ஸ் காலேஜ்ல சின்ன கிளாஸ், ரிசர்ச்னு அதுக்கு வசதியும் இருக்கு.

வெயிட்லிஸ்ட்டுக்கு வரேன். மே 1க்குள்ள ரட்கர்ஸோ பர்டூவோ ஒண்ணுல டெபாசிட் கட்டியாகணும், கார்னகி மெலன நம்பி அத விட்டுடாதீங்க. வெயிட்லிஸ்ட்ல இருக்க சம்மதம்னு போர்ட்டல்ல சொல்லணும், அவங்க கேட்டா மட்டும் ஒரு பக்கத்துக்குள்ள லெட்டர், நவம்பருக்கு அப்புறம் புதுசா என்ன பண்ணினான், ஏன் அந்த காலேஜ், அவ்வளவுதான், அத அவனே எழுதணும், நீங்க எழுதினா படிக்கறவங்களுக்கு ரெண்டாவது வரிலயே தெரிஞ்சுடும். மே 1 தாண்டி எத்தன பேர் வராங்கன்னு எண்ணிப் பாத்துட்டுத்தான் அவங்க லிஸ்ட்ட திறப்பாங்க. சில வருஷம் நிறையப் பேர எடுப்பாங்க, சில வருஷம் ஒருத்தரையும் எடுக்காத காலேஜும் உண்டு, யாராலயும் முன்கூட்டி சொல்ல முடியாது, காசு வாங்கிட்டு சொல்றேன்னு யாராவது சொன்னா அவங்ககிட்ட போகாதீங்க. அப்புறம் பணம். அங்க வருஷத்துக்கு எல்லாம் சேர்த்து 80,000 டாலருக்கு மேல ஆகும், வெயிட்லிஸ்ட்லேர்ந்து எடுக்கறப்ப யோசிக்க சில நாள்தான் கொடுப்பாங்க, அதனால கிடைச்சா போவோமா, முடியுமாங்கறத இப்பவே மூணு பேரும் பேப்பர்ல எழுதிப் பாத்துடுங்க. ஜூன் கடைசின்னு ஒரு தேதி வச்சுக்கோங்க, அது தாண்டினா பேர எடுத்துடலாம்னு அவனோட பேசி முடிவு பண்ணுங்க.

கேப் இயர் எடுத்து மறுபடி இதே காலேஜ்களுக்குப் போடறது, நான் வேண்டாம்னுதான் சொல்வேன். அடுத்த வருஷமும் அதே கூட்டம்தான் இருக்கும், கையில இருக்கற ஸ்காலர்ஷிப் போயிடும், முக்கியமா ஒரு வருஷம் பூரா வீட்ல உக்காந்து அந்த மார்ச் ராத்திரிய நினைச்சிட்டே இருப்பான். ஒரு வருஷம் படிச்சிட்டு வேற காலேஜுக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆகலாம்னு சொல்லி அனுப்பறதும் அதே மாதிரிதான், பெட்டிய பிரிக்காம ஹாஸ்டல்ல உக்காந்திருக்கற பசங்கள நான் பாத்திருக்கேன், ஃப்ரெண்டு பிடிக்க மாட்டாங்க, ப்ரொஃபசர்கிட்ட பேச மாட்டாங்க, ஏன்னா எப்படியும் போகப் போறோமே.

பென் கிடைச்ச பொண்ணு விஷயத்துல, நீங்க அவ அம்மாவுக்கு ஃபோன் பண்ணி மனசார ரெண்டு வார்த்தை சொல்லிடுங்க, அந்தப் பொண்ணும் உழைச்சவதான். அவங்க பார்ட்டி ஏதாவது வச்சா பையன அதுக்கு வான்னு கட்டாயப்படுத்த வேண்டாம், அவனா போறேன்னா போகட்டும். குரூப்ப ரெண்டு மாசம் மியூட்ல போடுங்க.

ஒண்ணு மட்டும் கவனமா பாருங்க. மூணு வாரம் ரூம்ல இருக்கறது இந்த வயசுல, இந்த நேரத்துல, நடக்கறதுதான். ஆனா ராத்திரி தூங்கவே இல்ல, சாப்பாடு ரொம்ப குறைஞ்சுது, மிருதங்கத்தையோ பிடிச்ச பொருளையோ யாருக்காவது கொடுத்துடறேங்கறான், நான் இருந்து என்ன பிரயோஜனம்ங்கற மாதிரி பேச்சு வருது, இதுல எது இருந்தாலும் காத்திருக்காதீங்க. "சாகணும்னு தோணுதாடா"ன்னு நேராவே கேளுங்க, கேக்கறதால அந்த எண்ணம் வராது, கேட்டா பசங்களுக்கு பாரம் இறங்கும். தற்கொலை எண்ணம் வந்தா பேசறதுக்கான உதவி எண் 988, அதுக்கு எந்த நேரமும் ஃபோன் பண்ணலாம், மெசேஜும் அனுப்பலாம், அவனோட பீடியாட்ரிஷியன்கிட்டயும் ஸ்கூல் கவுன்சிலர்கிட்டயும் அன்னிக்கே சொல்லுங்க. அப்படி எதுவும் இல்லன்னா, மே முதல் ரெண்டு வாரம் ஏபி பரீட்சை இருக்கு, கடைசி மார்க் ஷீட்ட காலேஜ் கேக்கும், ரொம்ப விழுந்துட்டா கொடுத்த சீட்டையே திரும்ப எடுக்கற அதிகாரம் அவங்களுக்கு இருக்கு, அத மிரட்டலா சொல்லாம ஒரு தடவை சாதாரணமா ஞாபகப்படுத்துங்க.

மே 1க்கு முன்னாடி ஒரு நாள் மூணு பேரும் நியூ பிரன்ஸ்விக் போயிட்டு வாங்க. எடிசன்லேர்ந்து கிட்டத்தான்ங்கறதால நிறையப் பேர் போய்ப் பாக்கறதே இல்ல. நீங்க ரெண்டு பேரும் ஒரு காபி கடைல உக்காந்துக்கோங்க, அவன் தனியா சுத்திட்டு வரட்டும், கம்ப்யூட்டர் சயின்ஸ் பில்டிங் ஆத்துக்கு அந்தப் பக்கம் பிஸ்கடவேல இருக்கு, கேம்பஸ் பஸ்லயே போய்ப் பாக்கட்டும். ரட்கர்ஸா பர்டூவாங்கறத அவன் சொல்லட்டும், இந்த மூணு வாரத்துல அவன் கைல இருக்கற முடிவு அது ஒண்ணுதான். ரெண்டு காலேஜோட ஃபைனான்ஷியல் எய்ட் லெட்டரையும் எனக்கு அனுப்பி வைங்க, ஸ்காலர்ஷிப் நாலு வருஷமும் தொடருமா, அதுக்கு எவ்வளவு ஜிபிஏ வச்சிருக்கணும்ங்கறத நான் பாத்து இந்த வாரத்துக்குள்ள எழுதறேன்.